செவலை இறங்கும் நேரம்

நடந்ததைத்தான் சொல்கிறேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நம்பாதவர்கள் கொடைக்கானலில் மன்னவனூர் பஸ் ஏறி, ஊருக்கு முந்தின வளைவில் இறங்கி, வீரம்மாள் வீடு எது என்று கேட்கலாம். யாரும் கைகாட்டுவார்கள். ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து இதைக் கேட்கிற நெஞ்சழுத்தம் உங்களுக்கு இருக்கிறதா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். எனக்கு இல்லை.

எனக்குச் சொன்னவள் கண்மணி. ஒட்டன்சத்திரத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். ஒரு நூல் பிசகினாலும் பிரித்துப்போட்டுத் திரும்பத் தைக்கிற ரகம், கதை கட்டுகிற ஆள் கிடையாது. அவள் புருஷன் பிரசாந்த் பள்ளிக்கூடத்து வாத்தியார். பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தாலே சிரித்து ஓட்டுகிற மனுஷன். இப்போது இந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

போன வருஷம் அரையாண்டு லீவு. பிரசாந்தின் சிநேகிதர் ஒருவர் மன்னவனூர்ப் பக்கம் ஆசையாக ஒரு மரவீடு கட்டிப் பூட்டிப்போட்டிருந்தார். சாவியை வாங்கிக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இருவரும் போய் இறங்கினார்கள். ஒரு வாரம் தூங்குவது, சாப்பிடுவது, மறுபடி தூங்குவது, அவ்வளவுதான் திட்டம். போன கையோடு பிரசாந்துக்குச் சளி பிடித்துக்கொண்டது. இரண்டு கம்பளிக்குள் புகுந்தவருக்கு மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணி இருக்கும். மூடுபனி இறங்கி எதிர்வீட்டு வேலி கூட மறைந்துவிட்டது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

டக்... டக்... டக்...

கல்லுப் பாதையில் குளம்புச் சத்தம். கூடவே ஒரு பொம்பளைக் குரல்.

"தாயி... மரவீட்டுத் தாயி! கொஞ்சம் வெரசா வாங்களேன். இந்த மூட்டைய மட்டும் எறக்கி விட்டுட்டுப் போங்க."

பக்கத்து வீட்டு வீரம்மாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வழுக்கி விழுந்ததில் வலது கையில் மாவுக்கட்டு. வாசலில் செம்பட்டை நிறத்தில் ஒரு மட்டக்குதிரை, முதுகில் இரண்டு சாக்கு காரட்டோடு நின்றது. பக்கத்தில் ஆள் யாரும் இல்லை.

"ஓட்டிக்கிட்டு வந்தவர் எங்கம்மா?"

"செவலைக்கு எதுக்கு ஆளு? தானா எறங்கும், தானா ஏறும். மேல அவரு ஏத்தி விடுவாரு, கீழ நான் எறக்கி விடுவேன். இந்தப் பாழாப்போன கையால இப்ப அதுக்கும் வழியில்ல."

அங்கே காடு என்றால் விளைநிலம். வீரம்மாளின் காடு மேலே, ஒரு மணி நேர ஏற்றத்தில் இருந்தது. ரோடு கிடையாது. குதிரையைப் பழக்கி வைத்துவிட்டால் அது பாட்டுக்குப் போய் வரும். கண்மணி மூச்சைப் பிடித்துக்கொண்டு மூட்டைகளை இறக்கினாள். வீரம்மாள் சேணத்தில் ஒரு தூக்குவாளியைத் தொங்கவிட்டு, இடது கையால் குதிரையின் பின்பக்கம் ஒரு தட்டு தட்டினாள். "போடா ராசா." குதிரை திரும்பி மூடுபனிக்குள் ஏறிப் போயிற்று. தூக்குவாளியில் இருந்தது புருஷனுக்குச் சோறு.

கறுப்புக் காப்பியைக் கொடுத்துவிட்டு அவளாகவே சொன்னாள். புருஷன் பெயர் சின்னக்கருப்பன். ஒரே மகள் சுபஸ்ரீ. அவள் அட்டுவம்பட்டிப் பையன் ஒருவனை, வேறு சாதிக்காரனை, விரும்பிக் கட்டிக்கொண்டாள். எனக்கு மகளே இல்லை என்று சொல்லிவிட்டார் இவர். ஐப்பசியில் பேரன் பிறந்தான். வீரம்மாளுக்குப் பொறுக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்கே அந்த மனுஷன் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு மேல்காட்டுக் குடிசைக்குப் போனவர்தான். இரண்டு மாதமாக இறங்கவில்லை.

இறங்கினால் அவர் தோற்றுப்போவார். ஏறினால் இவள் தோற்றுப்போவாள். நடுவில் அந்தக் குதிரை மட்டும் ஓய்வில்லாமல் நடந்தது. மேலிருந்து காலி உப்பு டப்பா வந்தால் கீழிருந்து உப்பு போகும். பீடிக்கட்டின் மேல்தாள் வந்தால் பீடிக்கட்டு போகும். பேச்சு மட்டும் போகாது. என்ன ஜென்மங்களோ!

"தையில பேரனுக்குக் காது குத்தணும் தாயி. தாய்மாமன் கெடையாது. தாத்தன் மடியில வச்சுத்தான் குத்தணும். அந்த மனுசன் எறங்கி வந்தாத்தான் எம்மக இந்த வாசப்படியில ஏற முடியும். சாமிகிட்ட வேற ஒண்ணும் நான் கேக்கல."

மறுநாளும் அதே மூன்று மணி. அதே சத்தம். கண்மணி மூட்டையை இறக்கினாள். வீரம்மாள் தூக்குவாளியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். உள்ளே பளபளவென்று கழுவியிருந்தது.

"அடி ஆத்தே! கல்யாணமான நாள்லருந்து ஒரு டம்ளர் கழுவுனதில்ல இந்த மனுசன்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எளகுறாரு தாயி. மனசு எளகுறாரு."

"நான் வேணா ஒரு நடை மேல போய்ப் பாத்துட்டு வரட்டுமாம்மா?"

"ஐயய்யோ, வேணாம். நான்தான் தூது விட்டேன்னு நெனச்சு முறுக்கிக்கிருவாரு. அவரா வரட்டும்."

அதற்கு அடுத்த நாள் விடியும்போது புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடந்தது. மத்தியானம்கூடக் குளிர் குறையவில்லை. பேசினால் வாயிலிருந்து புகை புகையாக ஆவி வந்தது. கண்மணிக்கும் வந்தது, வீரம்மாளுக்கும் வந்தது. மூட்டைகளை எடுத்துப்போக வேன் கொண்டுவந்த வேல்ராஜுக்கும் வந்தது. அவன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிற பையன், வீரம்மாளுக்கு அண்ணன் மகன் முறை.

குதிரைக்கு வரவில்லை.

கண்மணி அதன் முகத்துக்கு நேரே போய் நின்று பார்த்தாள். ஒரு மணி நேரம் மலை இறங்கி வந்த பிராணி. மூக்கிலிருந்து ஒரு இழை ஆவி இல்லை. உடம்பில் வியர்வையும் இல்லை. அவள் வைத்த வாளித் தண்ணீரை அது எட்டியும் பார்க்கவில்லை. இறக்கிய காரட்டைத் தொட்டால் கை விறைத்தது.

பிரசாந்திடம் சொன்னாள். கம்பளிக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. "தையல் மெஷினைப் பாத்துப் பாத்து உன் கண்ணு போச்சு. பேசாம வந்து படு."

நான்காம் நாள் மூட்டை ஒன்றுதான் வந்தது. அதன் மேல் ஒரு ஜோடி தோல்செருப்பு, சணலில் கட்டியிருந்தது. வீரம்மாள் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே... புதுப்பெண் கெட்டாள்.

"சாமானத்த அனுப்ப ஆரம்பிச்சுட்டாரு! வாராரு தாயி, வீட்டுக்கு வாராரு!"

செருப்பை முந்தானையால் துடைத்து வாசற்படி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தாள், ஆள் உள்ளேதான் இருக்கிறார் என்பது போல. கண்மணிக்கு மட்டும் மனதில் ஒன்று உறுத்தியது. இறங்கி வரப்போகிறவர் எதைப் போட்டுக்கொண்டு நடப்பார்? கேட்க வாயெடுத்தாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் மூட்டையே இல்லை. சேணத்தில் தூக்குவாளியைத் தவிர ஒரு பழைய வேட்டி மட்டும் இருந்தது. துவைத்து, நாலாக மடித்து, மேலே ஒரு கல் வைத்திருந்தது. நைந்து மெத்தென்று இருந்தது. வீரம்மாள் அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அந்தப் பக்கத்தில் பிள்ளைக்கு முதல் தூளி தாத்தாவின் பழைய வேட்டியில்தான் கட்டுவார்கள். பேரனை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று அதற்கு அர்த்தம். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டுமா?

அன்றைக்கு மொச்சையும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். தூக்குவாளி நிறைய அனுப்பினாள். கையோடு மகளுக்குப் போன் போட்டாள்.

"அடியே சுபா, அப்பா மனசு மாறிட்டாருடி. தூளிக்கு வேட்டி குடுத்து விட்ருக்காரு. நாளைக்கி வெள்ளனே கெளம்பி வா. பிள்ளைக்குக் குல்லா போட்டுக் கூட்டிட்டு வா."

மறுநாள், வருஷத்தின் கடைசி நாள். காலையிலேயே சுபஸ்ரீ வந்துவிட்டாள். வாசற்படியில் கால் வைக்கத் தயங்கி நின்றவளை வீரம்மாள் இழுத்து உள்ளே விட்டாள். விட்டத்தில் அந்த வேட்டியைக் கட்டிப் பிள்ளையைப் போட்டார்கள். கோழி அடித்தார்கள். பன்னிரண்டு ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. பெரியவர் வரவில்லை.

"வேலு, நீ போயிக் கையோட கூட்டிட்டு வாடா. அவரே மனசு எறங்கிட்டாரு, இனிமே நம்ம கூப்பிட்டாக் கொறஞ்சா போயிருவோம்?" என்றாள் வீரம்மாள், விருந்துக்கு வந்திருந்த வேல்ராஜிடம்.

வேல்ராஜ் கிளம்பினான். சளி விட்டிருந்த பிரசாந்தும் மலையைப் பார்க்கலாம் என்று கூடப் போனார்.

அவர்கள் போய் ஒரு மணி நேரத்துக்கெல்லாம் மூடுபனி வந்துவிட்டது.

உள்ளே பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. சுபஸ்ரீ ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். நிற்கவில்லை. கண்மணி வெளியே பேரிக்காய் மரத்தடியில் நின்றாள்.

மூன்று மணி.

டக்...

டக்...

இன்றைக்குச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. மெதுவாக, ஒவ்வொரு அடியாக, காலை ஊன்றி ஊன்றி வந்தது. பாரம் சுமக்கிற நடை.

செவலை வெளியே வந்தது.

சேணத்தில் மூட்டை இல்லை. வாளி இல்லை. ஒன்றுமே இல்லை.

ஆனால் சேணத்தின் வார் வயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தது. முதுகு லேசாக வளைந்திருந்தது.

வழக்கமாக மூட்டை இறக்குகிற கல்லருகில் அது நிற்கவில்லை. நேரே வாசற்படிக்குப் போய் நின்றது.

சேணம் ஒரு பக்கம் சாய்ந்தது.

கிரீச்...

பிறகு நிமிர்ந்தது. குதிரையின் முதுகும் நிமிர்ந்தது.

கண்மணி கிட்டே போனாள். கயிற்றைப் பிடித்து மரத்தில் சுற்றினாள். கை தன்பாட்டுக்கு அதைச் செய்தது.

வாசல் திரைச்சீலை ஒதுங்கி, மறுபடி விழுந்தது.

உள்ளே பிள்ளையின் அழுகை சட்டென்று நின்றது.

பீடி வாடை...

தூளி ஆடுகிற சத்தம். சுபஸ்ரீயோ அடுப்படிக்குப் போயிருந்தாள், ஜன்னல் வழியே தெரிந்தாள்.

வீரம்மாளின் குரல் கேட்டது. மெதுவாக, கூச்சமாக.

"வந்துட்டீங்களா... பேரனப் பாருங்க. ஒங்க மூக்குத்தான். ஒக்காருங்க, சோறு போடுறேன்."

கண்மணியின் கையில் போன் அதிர்ந்தது. பிரசாந்த். மேலே குடிசையை ஒட்டிய பாறைமேட்டில் மட்டும் சிக்னல் கிடைக்கும். அவர் குரல் அவர் குரலாக இல்லை.

"கண்மணி... பெரியவர் போயிட்டார்."

"என்னங்க சொல்றீங்க?"

"இறந்துட்டார்மா. உடம்பு இன்னும் சூடா இருக்கு. நாங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலதான்... வரப்புக் கல்லுல விழுந்து இடுப்பு முறிஞ்சிருக்கு. இன்னிக்கு விழுந்தது இல்ல. ரொம்ப நாளா எந்திரிக்க முடியாமக் கெடந்திருக்கார்."

"குதிரை வந்துருச்சேங்க. இப்பத்தான் வந்துச்சு."

"எந்தக் குதிரை?"

"செவலைதான்..."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"செவலை இங்க இருக்கு, கண்மணி. எம் முன்னால நிக்குது. முளைக்குச்சியில கட்டிக் கெடக்கு. எலும்பும் தோலுமா... கயிறு எட்டுற வரைக்கும் புல்லை வேரோட மேஞ்சு, வட்டமா வெறும் மண்ணு. இது இந்த எடத்தை விட்டு நகந்து ஒரு வாரம் இருக்கும்."

கண்மணி திரும்பினாள்.

பேரிக்காய் மரம் நின்றது.

கயிறு இல்லை. குதிரை இல்லை.

உள்ளே வீரம்மாள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். "இன்னொரு துண்டு வச்சுக்கங்க..."

கண்மணி உள்ளே போகவில்லை. போய் என்ன சொல்வாள்? அந்தப் பேச்சு முடிகிறவரைக்கும் வாசலிலேயே நின்றாள். நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ராத்திரிக்குள் கம்பளியில் கட்டி, கம்பில் தூக்கி, அவரைக் கீழே கொண்டுவந்து சேர்த்தார்கள். வீரம்மாள் மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நடக்க முடியலன்னு சொல்லித்தானே இத அனுப்புனாரு. எனக்கு அது தோணலையே. ஒரு எட்டு ஏறியிருந்தா எம்புருசன் பொழச்சிருப்பாரே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் உள்ளே வந்தபோது முகத்தைப் பார்த்தாயா என்று மகள் கேட்டாள். இல்லையாம். இரண்டு மாதக் கோபம், உடனே நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்ததாம். தலையைக் குனிந்துகொண்டே சோறு போட்டாளாம். இதைக் கேட்டு அழாதவர்கள் அந்த வீட்டில் இல்லை.

இடுப்பு முறிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது என்று டாக்டர் சொன்னார். அப்படியானால் கண்மணி வருவதற்கு முன்பே விழுந்துவிட்டார். காரியம் முடிந்து வேல்ராஜ் மேல்காட்டுக்குப் போய்ப் பார்த்தான். காரட் பாத்தி ஒன்றுகூடத் தோண்டவில்லை, முழுசாக நின்றது. கீழே வந்த மூட்டைகளை வேனில் ஏற்றி ஒட்டன்சத்திரத்தில் இறக்கியது அவன்தான். என் கையால தூக்கினேன்கா, என் கையால தூக்கினேன் என்று கண்மணியிடம் உள்ளங்கையை விரித்து விரித்துக் காட்டினான்.

செவலை பிழைத்துக்கொண்டது. கீழே கொண்டுவந்து கட்டினார்கள். கண்மணி பக்கத்தில் போனபோது, முன்பின் பார்க்காத ஆளைக் கண்டது போல மிரண்டு விலகியது. குளிர்ந்த காலை. அதன் மூக்கிலிருந்து புகை புகையாக ஆவி வந்தது.

பிரசாந்த் ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் கண்மணியிடம் சொல்லி, குழந்தை மாதிரி அழுதார். குடிசையில் அடுப்பு பல நாளாக எரியவில்லை. அரிசிப் பானையை எலி காலி பண்ணியிருந்தது. ஆனால் பெரியவரின் வலது கை விரல்களில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. நகத்தோரம் மொச்சைத் தோல்.

பங்குனியில் கண்மணி மறுபடி மன்னவனூர் போனாள். மறைக்க மனசில்லாமல் வீரம்மாளிடம் அதைச் சொல்லிவிட்டாள். வீரம்மாள் பேரனைத் தூளியிலிட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"மொச்சக் கொழம்பா?" என்றாள். "அன்னிக்கு வேட்டி வந்த சந்தோசத்துல அதுக்கு உப்புப் போடவே மறந்துட்டேன் தாயி. அதையுமா சாப்பிட்டாரு..."